அப்பாரு வாங்கின வள்ளம்

எங்க மாட்டுச்சாளையில, கட்டுத்தரைக்குப் பின்னாடி குப்புறக் கவுத்துன மேனிக்கு ஒரு மரம் கிடந்தது. நான் நடக்கப் பழகின காலத்துல இருந்தே அது அங்கதான். மேல உரச்சாக்கு, பழைய மோட்டார் பெல்ட்டு, ஒடைஞ்ச கலப்பை. அடியில கோழி அடை படுக்கும். சின்ன வயசுல யாராச்சும் கேட்டா "அது அப்பாரோட வள்ளம்" அப்படின்னு சொல்லிட்டு ஓடிருவேன். வள்ளம்னா படகு. பவானி ஆத்துல இருந்து அரை மைல் தள்ளி, மாட்டுச் சாணிக்கு நடுவுல ஒரு படகு ஏன் கிடக்குதுன்னு யோசிச்சதே இல்லீங்க.

இந்தச் சித்திரையில சாளைக்கு ஓலையை எடுத்துட்டு தகரம் போடலாம்னு முடிவு பண்ணினோம். தூண் மாத்தணும்னா வள்ளத்தை நகத்தணும். நாலு ஆளு பிடிச்சும் அசையலை. ஆறு பேரு வந்து, உருளைக்குத் தென்னங்கட்டை போட்டு வெளிய இழுத்தோம். நிமித்திப் போட்டு அளந்தா பதினெட்டு அடி நீளம், ரெண்டரை அடி அகலம். அடிப்பாகம் முழுக்க ஒரே மரத்தைக் குடைஞ்சது. அதுக்கு மேல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பலகை ஒட்டு. வெயில்ல பாத்தப்பத்தான் தெரிஞ்சது, உள்பக்கம் பூரா வாச்சியால கொத்துன தடம், மீன் செதில் மாதிரி.

வெளிய எடுத்துப் போட்ட நாலாம் நாளே கோயமுத்தூர்ல இருந்து கார்ல ஒருத்தர் வந்துட்டார். புது ஹோட்டல்களுக்கு உள் அலங்காரம் செய்யறவராம். சுத்திச் சுத்தி போட்டோ எடுத்தார். நாப்பத்தஞ்சாயிரம் தர்றேன்னார். என்னங்க செய்வீங்கன்னு கேட்டேன். "குறுக்க ரெண்டா அறுத்து, செங்குத்தா நிறுத்தி தட்டு வச்சா அருமையான புத்தக அலமாரிங்க சார்." பெங்களூர்ல இருக்கற எம்பையன் போன்லயே, "அப்பா, குடுத்துருங்க, செல்லு திங்கறதுக்கு அது தேவலை"ன்னான். அவன் சொன்னதுலயும் நியாயம் இருந்தது. நானும் பாதி மனசா தலையாட்டிட்டேன்.

திண்ணையில உக்காந்திருந்த ஐயன்தான் (எங்க பக்கம் அப்பாவை ஐயன்னு சொல்றது வழக்கம்) வேண்டாம்னார். எம்பத்திரண்டு வயசு. நிலத்து விசயத்துல வாயைத் தெறந்து பல வருசமாச்சு, எல்லாம் உம்பாடுன்னு விட்டுட்டவர். "அறுக்க வேண்டாம். முடிஞ்சா சரி பண்ணு. முடியலைன்னா அங்கயே போட்டுரு." அவ்வளவுதான் சொன்னார்.

இது இங்க எப்படி வந்ததுன்னு சொல்லிடறேன். எங்க அப்பாரு, அதாவது ஐயனோட அப்பா, பாக்கு யாவாரமும் பாத்தவர். சுதந்திரம் வந்து நாலஞ்சு வருசம் கழிச்சு, பாலக்காட்டுக்கு அந்தப் பக்கத்து யாவாரி ஒருத்தர் பாக்குப் பணத்துக்கு பதிலா இந்த வள்ளத்தை ஏத்தி அனுப்பிட்டாராம். மரம் ஏத்திட்டு வந்த லாரியில மேல கட்டிக் கொண்டுவந்து இறக்கியிருக்காங்க. ஊரே சிரிச்சதாம். எங்களுக்கு அப்ப ஆத்துக்கு அக்கரையிலயும் ரெண்டே முக்கால் ஏக்கரா இருந்தது. அதுக்குப் போக வர இதுன்னு அப்பாரு சமாளிச்சிருக்கார்.

நெசமாச் சொன்னா பவானி ஆத்துக்குப் பரிசல்தான் சரி. பாறையும் சுழியுமா இருக்கற ஆறு. மூங்கில் பிளாச்சை முடைஞ்சு, அந்தக் காலத்துல தோலும் இப்ப உரச்சாக்கும் போட்டு தார் பூசின பரிசல் பாறையில மோதினாலும் நெளிஞ்சு குடுத்துட்டுப் போயிரும். கரையேறினா ஒரு ஆளே தலைமேல கவுத்து வச்சுத் தூக்கிட்டுப் போலாம். சிறுமுகைக்கு அந்தப் பக்கம் லிங்காபுரம், காந்தவயல்ல பவானிசாகர் அணைத் தண்ணி ஏறிப் பாலம் முங்கின வருசமெல்லாம் சனங்களைக் கரை சேத்துனது பரிசல்தான். வள்ளம் கேரளத்துக் காயலுக்கு ஆனது. நின்ன தண்ணியில, ஆழத்துல, நேராப் போற ராசா அது. நம்ம ஆத்துல அதுக்கு என்ன வேலை? அப்பாரு ஏமாந்துதான் போனார். ஆனா ஒத்துக்கற ஆளில்லை.

சரி பண்ண ஆள் தேடினேன். படகு ஆசாரி மேட்டுப்பாளையத்துல ஏது? கடைசியா வண்டிச் சக்கரம் செஞ்சுட்டு இருந்த ஆசாரி ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன். எழுபது வயசு. மாட்டு வண்டியெல்லாம் போயி, இப்ப கதவு நிலவுதான் செய்யறார். வந்தவர் ஒரு மணி நேரம் பேசவே இல்லை. சின்ன ஆணி ஒண்ணை எடுத்து வள்ளத்தோட ஒவ்வொரு சாணுக்கும் குத்திப் பாத்துட்டே போனார். ஆணி இறங்காத எடம் நல்ல மரம். பஞ்சுல இறங்கற மாதிரி இறங்கினா சுண்ணாம்புக்கட்டியில ஒரு வட்டம். அப்படிப் பாத்ததுல முன் மூக்குல வலது பக்கம் ரெண்டரை அடி நீளத்துக்கு வட்டம் விழுந்தது. கடற்கரைக்காரங்க அதை அணியம்பாங்க. எங்களுக்கு மூக்குதான். மத்த எடமெல்லாம் வைரம் பாஞ்சு கிடந்தது. ஆனா அடியில நீட்டுவாக்குல மூணு விரிசல். பெரிய விரிசல்ல ஒத்த ரூபா காசு நிக்கற மாதிரி உள்ள போச்சு.

"இது அயினி தம்பி. மலையாளத்துல ஆஞ்சிலிம்பாங்க. நான் செஞ்சதில்லை. ஆனா மரம் மரந்தானே" அப்படின்னார்.

விரிசல்ல மக்கு அடைக்கலாமான்னு கேட்டேன். கடையில எத்தனையோ விதமா விக்கறாங்களே. ஆசாரி சிரிச்சுட்டார். "கோடையில சக்கரம் ஆடுச்சுன்னா வண்டிக்காரன் என்ன பண்ணுவான்? வண்டியை ஆத்துத் தண்ணியில எறக்கி நிறுத்துவான். மரம் ஊறி ஆரக்கால் இறுகிக்கும். அங்க ஆப்பு அடிச்சான்னா, ஊறுனதுக்கு அப்புறம் குடமே பிளந்து போயிரும். இதுவும் அதுதான். காஞ்சு கிடக்கறப்ப விரிசலை அடைச்சா, தண்ணியில போட்டதும் மரம் உப்பி, அடைச்சதே ஆப்பாட்ட நின்னு இன்னும் பொளக்கும். முதல்ல தண்ணி குடிக்க வை. அப்புறம் எது விரிசல், எது வெறும் தாகம்னு தெரியும்."

அப்படித்தான் ஆரம்பிச்சோம். புளியமரத்து நிழல்ல ரெண்டு கட்டை மேல வள்ளத்தை ஏத்தி, உள்ளயும் வெளியயும் ஈரக் கோணிச் சாக்கு. காலையிலயும் சாயங்காலமும் தண்ணி தெளிக்கணும். வெயில் மேல படக்கூடாது. நாப்பது நாள். சம்சாரம் "ஏனுங்க, வாழைக்கு முட்டு குடுக்க ஆளில்லை, நீங்க கட்டைக்குக் குளுப்பாட்டிட்டு இருக்கீங்க"ன்னு தினமும் ஒரு தடவை சொல்லிருவா. மூணாவது வாரம் பாத்தா, காசு நின்ன விரிசல்ல போஸ்ட் கார்டு கூட நுழையலை. சின்ன விரிசல் ரெண்டும் இருந்த எடமே தெரியலை.

மரத்துக்குத் தண்ணிதான் எதிரின்னு நெனச்சுட்டு இருந்தவன் நான். உங்கள்ல முக்காவாசிப் பேரும் அப்படித்தான் நெனச்சிருப்பீங்க. கேரளத்துல கொடுங்கல்லூர்ப் பக்கம் பட்டணம்னு ஒரு ஊர். பழைய முசிறி அதுதான்னு சொல்றாங்க. 2007-ல கேரள வரலாற்று ஆய்வு மன்றம் அங்க தோண்டினப்ப, ஈரச் சேத்துக்குள்ள இருந்து கிட்டத்தட்ட ஆறு மீட்டர் நீளத்துக்கு ஒரு தோணி கிடைச்சது. ஒரே மரத்துல குடைஞ்சது. அதுவும் இதே ஆஞ்சிலி. பக்கத்துலயே படகு கட்டற தேக்கு முளைகளும் நட்ட மேனிக்கு இருந்துருக்கு. ரெண்டாயிரம் வருசத்துப் பழசு. சேறும் தண்ணியும் காத்து புகாம மூடிக் காப்பாத்தியிருக்கு. எங்க வள்ளம் கூரைக்கு அடியில, ஒரு சொட்டு மழை படாம அறுபது வருசத்துல பாதி செத்துப் போச்சு.

ஊறின மரத்தை வெளிய எடுத்து சட்டுன்னு காய விட்டாலும் ஆபத்துதான். சுவீடன்ல வாசான்னு ஒரு கப்பல், 1628-ல முங்கினது, 1961-ல வெளிய எடுத்தாங்க. அது காஞ்சு சுருங்கிடக் கூடாதுன்னு பதினேழு வருசம் விடாம மருந்துத் தண்ணி தெளிச்சிருக்காங்க. இதை வீட்டுல படிச்சுக் காட்டினேன். நாப்பது நாளுக்கா இந்தப் பேச்சுன்னு அப்புறம் யாரும் கேக்கலை.

அந்தப் பட்டணத்துக்கு வந்து இறங்கின ரோமாபுரிச் சரக்கெல்லாம் பாலக்காட்டுக் கணவாய் வழியாத்தான் கொங்குக்குள்ள வந்தது. வெள்ளலூர்ல கிடைச்ச ரோமானியக் காசும், கொடுமணல்ல மணி செஞ்சு அனுப்பின பட்டறைகளும் அந்த வழியைச் சேர்ந்ததுதான். அப்பாரோட வள்ளம் லாரியில வந்ததும் அதே கணவாய். ரெண்டாயிரம் வருசமா மேக்க இருந்து நமக்கு என்னென்னமோ வந்திருக்கு, எங்க அப்பாருக்கு வாராத கடனுக்கு வள்ளம் வந்திருக்கு.

நாப்பது நாள் முடிஞ்சு மூக்குல கை வச்சோம். இத்துப்போன எடத்துக்கு மேல ஒரு தகரம் அடிச்சிருந்தது. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி விரிச்சு, சுத்திலும் இரும்பாணி. ஆசாரி குறடு போட்டு நெம்பினார். பாதி ஆணி தலையோட வந்தது, பாதி உள்ளயே துருவா உதிர்ந்தது. அடியில மரம் கரிக்கட்டையாட்டம் கறுத்து, விரலால கிள்ளினா வந்தது. "பாத்தீங்களா, இரும்பு பட்ட எடம். துரு மரத்தைத் திங்குது. தகரத்துக்கு அடியில ஈரம் நின்னு, போக வழியில்லாம மீதியைத் தின்னுருக்கு. எந்தப் புண்ணியவான் அடிச்சானோ" அப்படின்னார்.

"நாந்தான் அடிச்சேன்."

திண்ணையில இருந்து ஐயன் எப்ப எந்திரிச்சு வந்தார்னு நாங்க பாக்கலை. தடியை ஊணிட்டுப் பின்னாடி நின்னார். அப்புறம் கல்லுமேல உக்காந்து சொன்னார். இதுவரைக்கும் எங்கிட்டச் சொல்லாத கதை.

அறுபதுகளோட ஆரம்பம். பில்லூர் அணை வேலை இன்னும் முடியலை. ஐயனுக்கு இருபது வயசு கூட ஆகலை. வருசத்துக்கு ஒருக்கா, ஆடிக்கு முன்னால, வள்ளத்துக்கு உள்ளயும் வெளியயும் மீன் எண்ணெய் போடறது அவர் வேலை. நாத்தம் கொடலைப் பிடுங்கும். அந்த வருசம் மேட்டுப்பாளையத்துல ஏதோ படம் பாக்கப் போற அவசரம். வெளிப்பக்கம், அப்பாரு கண்ணுக்குத் தெரியற எடத்துக்கு மட்டும் பூசிட்டு, மூக்குல ஒரு வெடிப்பு தெரிஞ்சதுக்குத் தகரத்தை வச்சு அடிச்சுட்டுக் கிளம்பிட்டார். பத்து நாள் கழிச்சு எங்க அப்பத்தா நாலு மூட்டை விதைக்கடலையோட அக்கரைக்குப் போனாங்க. கூட தள்ளறதுக்கு ஒரு ஆள். நடு ஆத்துல மூக்குப்பக்கமா தண்ணி ஏறிடுச்சு. வள்ளம் சாஞ்சு ஒரு பாறையில போய் நின்னது. கீழ துணி துவைச்சுட்டு இருந்தவங்க சேலையை முடிஞ்சு வீசி ரெண்டு பேரையும் இழுத்துட்டாங்க. கடலை நாலு மூட்டையும் போச்சு.

விதையெல்லாம் கடனுக்கு வாங்கினது. அந்த வருசம் அக்கரை நிலம் சும்மா கிடந்தது. அடுத்த வருசம் அத்தை கல்யாணம். அதுக்கு அடுத்த வருசம் அந்த ரெண்டே முக்கால் ஏக்கராவை வித்தாங்க. அப்பத்தா சாகற வரைக்கும் எங்ககிட்ட "ஆத்துல தண்ணி சாஸ்தி வந்துருச்சு கண்ணு"ன்னு மட்டுந்தான் சொல்லியிருக்காங்க. எண்ணெய் போடலைங்கறது அவங்களுக்குத் தெரியுமா தெரியாதான்னு ஐயனுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கேக்கலை.

ஆசாரி கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் உளியை எடுத்து இத்த மரத்தைச் சுரண்டிட்டே போனார். ஒரு அங்குலத்துக்கு உள்ள அவர் கை நின்னுடுச்சு. அங்க ஒரு பழைய மரமுளை. அதுக்குப் பக்கத்துல ரெண்டு சதுர ஆணியோட துரு. சுத்தி ஏதோ பிசின் மாதிரி கெட்டியா. "ஐயா, இங்க பாருங்க. இது நீங்க அடிச்சது இல்லை. உங்களுக்கு முன்னாடியே எவனோ ஒட்டுப் போட்டிருக்கான். ஒங்கப்பா வாங்கறப்பவே இது ஒடைஞ்ச வள்ளம்."

நான் ஐயன் முகத்தைப் பாத்தேன். ஒரு பாரம் இறங்கும்னு எதிர்பாத்தேன், ஒளிக்காமச் சொல்றேன். அவர் குனிஞ்சு அந்த முளையைத் தடவிட்டுக் கேட்டார்: "எண்ணெய் ஒழுங்காப் போட்டிருந்தா தாங்கியிருக்குமா ஆசாரி?"

ஆசாரி பொய் சொல்லத் தெரியாத ஆளு. "ஒரு வருசம் தாங்கியிருக்குமுங்க. ரெண்டு வருசம் தாங்குமான்னு சொல்ல முடியாதுங்க."

"ஒரு வருசம் போதுமே" அப்படின்னுட்டு ஐயன் திண்ணைக்குப் போயிட்டார்.

அதுக்கப்புறம் மூணு நாள் வேலை நடக்கலை. ஆசாரிக்கு ஏதோ விசேசம்னு சொல்லி அனுப்பினார். எனக்கும் கறிவேப்பிலை அறுப்பு.

புது மரம் வேணுமே. அயினி இங்க கிடைக்கலை. எங்க காட்டுக்கல்லூரி புண்ணியத்துல இந்தப் பக்கம் மலைவேம்பு காடு காடா இருக்கு. ஆனா அது பிளைவுட்டுக்கு ஆகும், இதுக்கு ஆகாதுன்னுட்டார் ஆசாரி. பலா போடலாம்னார். பலாவும் அயினியும் பங்காளிக, ஈரப்பலாவும் அதே வம்சம். போன வருசக் காத்துல எங்க பலாமரம் ஒண்ணு சாஞ்சு, துண்டு போட்டு நிழல்ல அடுக்கி வச்சிருந்தேன். அதுல நார் ஓட்டம் மூக்கோட வளைவுக்குத் தோதா வர்ற ஒரு துண்டை ஆசாரி அரை நாள் புரட்டிப் புரட்டித் தேடி எடுத்தார்.

இத்ததை நல்ல மரம் வர்ற வரைக்கும் வெட்டி எடுத்தார். ஒட்டற எடத்தை முட்டுக்கு முட்டு வைக்கலை. ரெண்டு பக்கமும் சாய்வாச் சீவி, ஒண்ணு மேல ஒண்ணு படுக்கற மாதிரி. ஒரு அங்குல கனத்துக்கு எட்டு அங்குலம் சாய்வு. அங்க ஒன்றரை அங்குலம் கனம், அப்ப ஒரு அடி சாய்ச்சலே போகுது. இதை இழைச்சு இழைச்சு வச்சுப் பாக்கறதுக்கே ஆறு நாள். இடையில காவிப்பொடி தடவி ஒட்டி எடுப்பார். எங்க காவி ஒட்டியிருக்கோ அங்க மட்டும் ஒரு சீவல். கடைசி நாள் ரெண்டு பக்கமும் முழுக்கச் செவப்பு.

ஆணிக்கு இரும்பு வேண்டாம்னு ஆயிடுச்சு. செம்பு ஆணி கடையில இல்லை. ஆனா இது மோட்டார் ஊராச்சே. எர்த் போடற எட்டாம் நம்பர் செம்புக் கம்பியை வாங்கி, துண்டு துண்டா நறுக்கி, துளையில விட்டு, ரெண்டு பக்கமும் செம்பு வாஷர் போட்டு, தலையைத் தட்டித் தட்டி மழுக்கி இறுக்கினோம். நான் அடியில சம்மட்டியை முட்டுக் குடுத்துப் பிடிக்க, ஆசாரி மேல தட்டினார். இந்த ஒரு வேலையில மட்டும் எனக்குக் கொஞ்சம் பங்கு உண்டு.

மகள் வந்து பாத்துட்டு, பழைய மரம் காப்பிக் கொட்டை நிறத்துல இருக்க, புது ஒட்டு மஞ்சளா பளிச்சுன்னு தெரியுதே, சாயம் பூசலாமேன்னா. ஆசாரி கேக்கலை. பலா தானா கறுக்கும், அது வரைக்கும் ஒட்டு ஒட்டுன்னே தெரியட்டும்னுட்டார். உள்பக்க வாச்சித் தடத்தை இழைச்சு வழவழப்பாக்கலாம்னு நான் சொன்னதையும் விடலை. எனக்கு அப்ப கொஞ்சம் கோவந்தான். இப்ப இல்லை.

இடுக்குக்குப் பருத்திப் பஞ்சைத் திரிச்சு உளி முனையால லேசாத் திணிச்சு, நாட்டுமருந்துக் கடைக் குங்கிலியத்தைத் தேங்காயெண்ணெயில காய்ச்சி மேல ஊத்தினோம். காய்ச்சற வேலையை வீட்டுக்குப் பக்கத்துல வச்சுக்காதீங்க, குப்புன்னு பத்திக்கும். வெளிப்பக்கத்துக்கு கேரளத்துல முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசுவாங்களாம். அது சேங்கொட்டை மாதிரி மேல பட்டாப் புண்ணாக்கிடும்னு விட்டுட்டோம். மீன் எண்ணெய்தான். கொச்சிப் பக்கமிருந்து பத்து லிட்டர் மத்தி எண்ணெய் டின்னுல வந்து இறங்கினது. திறந்த அரை மணி நேரத்துல தெரு நாய் ஏழு.

எண்ணெய் போட ஆள் வரச் சொல்லியிருந்தேன். காலையில பாத்தா ஐயன் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு, துணிப்பந்தோட வள்ளத்துக்கு உள்ள உக்காந்திருக்கார். நான் ஒண்ணும் சொல்லலை. உள்பக்கம் முழுக்க அவரே போட்டார். கை எட்டாத மூக்கு எடுக்குல குச்சியில துணி சுத்தி விட்டு விட்டு எடுத்தார். மூணு நாளாச்சு. சம்சாரம் மூக்கை மூடிட்டுச் சாப்பாட்டைக் கல்லுமேல வச்சுட்டு வந்துருவா.

ஆத்துல விடறதில்லைன்னு முதல்லயே தீர்மானம். பில்லூர்ல மின்சாரத்துக்குத் தண்ணி திறந்தா, முழங்கால் தண்ணி பாத்துட்டு இருக்கறப்பவே கழுத்துக்கு வந்துரும். மேட்டுப்பாளையத்துக்குக் குளிக்க வர்ற வெளியூர்ப் பசங்க அதுல போறதை வருசா வருசம் பாக்கறோம். நீங்க வந்தாலும் எச்சரிக்கைப் பலகையைப் படிச்சுட்டு நில்லுங்க. கீழ்த்தோட்டத்துல தாள் விரிக்காத மண் குட்டை ஒண்ணு இருக்கு. அங்கதான் இறக்கினோம்.

இறக்கினதும் ரெண்டு நாள் வேணும்னே தண்ணி ரொப்பி முக்கி வச்சார் ஆசாரி. அப்புறம் இறைச்சு மிதக்க விட்டோம். அழகா நின்னுச்சு. மறுநாள் காலையில பாத்தா உள்ள தண்ணி. எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. ஆசாரி போன்ல, "கசியும் தம்பி, ஊறி இறுகட்டும், தினமும் எண்ணி இறைங்க"ன்னார்.

அந்த எண்ணற வேலையை ஐயன் எடுத்துக்கிட்டார். காலையில காப்பி குடிச்சதும் தடியும் அலுமினியப் போசியுமாக் குட்டைக்குப் போறார். நான் இறைப்பேன், அவர் கரையில நின்னு எண்ணுவார். முதல் நாள் இருபத்தாறு போசி. அடுத்த நாள் பத்தொம்பது. அதுக்கடுத்த நாள் இருபது, ஏன் கூடுச்சுன்னு அன்னைக்குப் பூரா முகத்தைத் தூக்கி வச்சுட்டு இருந்தார். அப்புறம் பதினொண்ணு, எட்டு. நேத்து நாலு. இன்னைக்குக் காலையில மூணே முக்கால்னார். நாலுதான்னு நான் சொன்னேன். கடைசிப் போசி ரொம்பலை, ஒழுங்காப் பாத்து எண்ணுன்னு சத்தம் போட்டார்.